பிரேக் இல்லாத வண்டி

முதலில் ஒரு விடுகதை. விடையைச் சொல்லிவிட்டுப் படகைப் பாருங்கள்.

ஸ்டியரிங் உண்டு, ரோடு கிடையாது. ஹாரன் உண்டு, குறுக்கே வர ஆள் கிடையாது. நிறுத்தலாம், ஆனால் நிற்காது. அது என்ன?

யோசியுங்கள், அவசரம் இல்லை. தார்ப்பாயை நான் இன்னும் முழுக்க அவிழ்க்கவில்லை.

வரவில்லையா? அதன் மேல் கையை வைத்துக்கொண்டுதான் நிற்கிறீர்கள். பரவாயில்லை, இங்கே வந்த எல்லாரும் முழித்தார்கள். நேற்று ஒருவர் மின்விசிறி என்றார். மின்விசிறியில் ஸ்டியரிங் எங்கே இருக்கிறது? அவருக்கு விற்கவில்லை. அப்படிப்பட்ட ஆளிடம் கொடுத்துவிட்டு அப்புறம் பேப்பரில் படிக்கவா?

இந்த விடுகதையை எனக்குப் போட்டது என் மகள் கோதை. பத்து வயது. கேட்டதும் நான் அவளைத் திருத்தினேன். 'நிறுத்தலாம், ஆனால் நிற்காது' என்பது விடுகதையில் ஒரு பிழை. நிறுத்தினால் நின்றுதான் ஆக வேண்டும். நான் இந்தப் பொன்னேரியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவன். வாசலில் போர்டு பார்த்திருப்பீர்கள், அருணகிரி டிரைவிங் ஸ்கூல். இந்தத் தாலுகாவில் ஒழுங்காக வண்டி ஓட்டுகிற யாரையாவது பார்த்தால் அவர் என்னிடம் கற்றவர். மற்றவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் ஓட்டுவதே சொல்லும்.

என் இடம் இடது பக்க சீட். அங்கே என் காலடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். டிரைவிங் ஸ்கூல் கார் என்றால் அப்படித்தான். படிக்கிறவன் தப்பு செய்வதற்கு முன்னால் நான் மிதித்துவிடுவேன். தப்பு செய்த பிறகு மிதிப்பவன் மாஸ்டர் இல்லை, கூட வருகிறவன்.

நீங்கள் உள்ளே வரும்போது காரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினீர்கள், பார்த்தேன். ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே திருப்புகிறீர்கள். டயர் தேயும். சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். கோபித்தாலும் தேயும்.

எதற்கு விற்கிறேன் என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். அடிப்பக்கத்தில் அந்த நீளக் கீறலையும் பார்த்துவிட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். உட்காருங்கள், அந்த நாற்காலியில் இல்லை, அதற்குக் கால் ஆடும். இதில்.

என் மனைவி சந்திரகலா போன வருடம் கோதையைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூரில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. நான் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. காரணம் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். "உங்ககூட இருந்தா மூச்சு விடுறதுக்கும் திருத்தம் சொல்றீங்க" என்றாள். தப்பாக விட்டால் சொல்லத்தானே வேண்டும்?

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். முழுப் பரீட்சை முடியட்டும், குழந்தையையே கேட்டுவிடுவோம் என்று முடிவானது. அடுத்த வருடத்திலிருந்து இங்கே என்னோடு இருந்து படிப்பதா, அங்கேயே அம்மாவோடு இருந்து படிப்பதா? அவள் எதைச் சொல்கிறாளோ அதற்கு மேல் பேச்சில்லை. நானும் தலையாட்டினேன், சந்திரகலாவும் தலையாட்டினாள். பத்து வயதுப் பிள்ளையிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பது என் தொழிலுக்கே விரோதம். ஆனாலும் தலையாட்டினேன். எனக்கு முடிவைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஒரு பக்கம் அப்பா, சொந்த வீடு, மூன்று கார். இன்னொரு பக்கம் மாமன் வீட்டு மாடி அறை. எந்தப் பிள்ளை யோசிக்கும்?

மாமன் என்று சொன்னேன் இல்லையா? அவன் பெயர் மோகனவேல். கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்தவன்தான். மூன்றாம் நாள் வகுப்பில், "மாமா, நீங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்தா நான் எப்பங்க ஓட்டுறது?" என்று கேட்டான். "நீ ஓட்டத் தெரிந்துகொண்ட பிறகு" என்றேன். நாலாம் நாள் வரவில்லை. பிறகு வேறு எங்கோ போய் லைசென்ஸ் வாங்கிவிட்டான். எப்படி ஓட்டுகிறான் என்று கேட்காதீர்கள். ஒரு கையால் ஓட்டுகிறான். இன்னொரு கையில் முறுக்கு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் திருவள்ளூர் போய் கோதையை வெளியே கூட்டிப்போவேன். ஸ்கூல் காரில்தான். முன் சீட்டில் உட்கார வைத்து, எதிரே வருகிறவன் என்னென்ன தப்பு செய்கிறான் என்று சொல்லிக்கொண்டே போவேன். நல்ல படிப்பு அது, சும்மா கிடைக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். குழந்தைகளுக்குக் கவனம் போதாது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் காரும் பாடத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸில் போனேன். அவளையும் பஸ்ஸிலேயே பூண்டி ஏரிக்குக் கூட்டிப்போனேன். டிரைவருக்குப் பின்னால் இடம் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசி வரிசைதான். அங்கிருந்து ரோடே தெரியாது. டிரைவர் என்ன செய்கிறான் என்று தெரியாமல் ஒரு மனுஷன் என்ன பேசுவது? வேர்க்கடலை வாங்கித் தின்றோம். நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். கடலைத் தோலையெல்லாம் என் சட்டைப் பையில் போட்டு நிரப்பியிருந்தாள். அவ்வளவுதான் அந்தப் பயணம். ஆனால் அவள் அதையே மாதக் கணக்கில் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா, மறுபடியும் பஸ்ஸில போலாமா?" வீட்டில் மூன்று கார் இருக்கிறவன் மகள் கேட்கிற கேள்வியா?

படகுக்கு வருகிறேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கோதை ஈரத் தலையோடு ஓடி வந்தாள். மாமா படகு வாங்கியிருக்கிறார் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். அதில் மஞ்சள் நிறத்தில், முற்றி வீங்கின வெள்ளரிக்காய் மாதிரி ஒன்று மிதந்தது. ரப்பர் படகாம். பெட்டியில் மடித்து வந்ததாம். காலால் மிதித்துக் காற்றடிக்க வேண்டும். அதற்குள் மோகனவேல் பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துடுப்பு இரண்டு, பிளாஸ்டிக்.

"வாங்க மாமா, ஒரு ரவுண்டு போலாம்."

"எதில்?"

"இதுலதான்."

"இது படகா? நான் குளிக்கிற தொட்டி என்று நினைத்தேன்."

அவன் சிரித்தான். அவனுக்கு ரோஷமே கிடையாது. கோதை ஏறி உட்கார்ந்து இரண்டு துடுப்பையும் வாங்கிக்கொண்டாள். அவள் ஒரு பக்கம் வேகமாகப் போட, படகு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்தது. அவன் என்ன செய்தான் என்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. காலை நீட்டிக்கொண்டு, "எங்க கேப்டன், ஊர் வந்துருச்சா?" என்று கேட்டான். அவள் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது. அதைப் படித்துறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் சந்திரகலா. அவளும் சிரித்தாள்.

காரில் வரும்போது கோதையிடம் சொன்னேன். "உனக்கு நான் நிஜப் படகு வாங்குகிறேன்."

"துடுப்பு இருக்குமா?"

"எஞ்சின் இருக்கும்."

"நான் ஓட்டலாமா?"

"நீதான் ஓட்டுவாய்" என்றேன். சொன்னேன். சொன்னதை நான் மறுக்கவில்லை.

பாருங்கள், முழுப் பரீட்சைக்காக நான் படகு வாங்கினேன் என்று சந்திரகலா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். லஞ்சமாம். நான் அதற்காக வாங்கவில்லை. பரீட்சைக்கு முன்னால் வாங்கினேன், அவ்வளவுதான்.

படகு வாங்குவது என்று இறங்கினால்தான் தெரிகிறது, இந்த உலகத்தில் எத்தனை விதமான முட்டாள்கள் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று.

முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஷோரூம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், காலடியில் புல் மாதிரி ஒரு பாய். விற்கிற பையன் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் போடாமல் நெற்றியில் போட்டிருந்தான். ஒரு வெள்ளைப் படகைத் தடவிக்கொண்டே, "இது வெறும் போட் இல்ல சார், இது ஒரு லைஃப்ஸ்டைல்" என்றான்.

"பிரேக் எங்கே தம்பி?"

"சார்?"

"பிரேக். நிறுத்துவது."

"போட்டுக்கு பிரேக் கிடையாது சார். ரிவர்ஸ் போட்டா ஸ்லோ ஆகும்."

ஓடுகிற வண்டியில் ரிவர்ஸ் போடச் சொல்கிறான். அதையும் சிரித்த முகத்தோடு சொல்கிறான். நான் அங்கே குடிக்கக் கொடுத்த இளநீரைக்கூட முடிக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்து கோவளத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், பழைய பாய்மரப் படகு விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எஞ்சினே இல்லை. ஒரு கம்பு, ஒரு துணி.

"காற்று வந்தால் போகும் சார்" என்றார்.

"வராவிட்டால்?"

"உட்கார்ந்திருப்போம். அதுதான் சார் சுகமே."

முகத்தில் தாடி, கையில் பச்சை டீ. உட்கார்ந்திருப்பதற்கு வீட்டில் பெஞ்சு போதுமே, அதற்கு எதற்கு ஒரு படகு? அவருக்கு இரண்டு பிள்ளைகள். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு அதுகள்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தன, கண்டிக்க ஆள் இல்லை.

மூன்றாவதாகக் காசிமேட்டில், ஃபைபர் படகு செய்கிற ஒரு பட்டறை. அன்றைக்குக் கோதையையும் கூட்டிப்போயிருந்தேன். பட்டறையின் முதலாளி ரெஜினா என்று ஓர் அம்மாள். முழங்கை வரை வளையல். ஒரு போனில் சண்டை, இன்னொரு போனில் சமாதானம். என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்தத் தண்ணிக்கு சார்?"

"தண்ணீரில் என்ன எந்தத் தண்ணீர்?"

"கடலா, ஏரியா, கழியா? தண்ணியப் பாத்துத்தான் சார் அடிப்பக்கம் எடுக்கணும்."

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல்தண்ணீர் உள்ளே வந்து நிற்கிற கழி இருக்கிறது. அதைச் சொன்னேன். உடனே ஒரு படகைக் காட்டினாள். அடிப்பக்கம் தட்டை. முறத்தைத் தண்ணீரில் போட்ட மாதிரி. ஸ்டியரிங் கிடையாது. பின்னால் எஞ்சினோடு ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டுமாம். இதைக் கேளுங்கள், இடது பக்கம் போக வேண்டும் என்றால் கொம்பை வலது பக்கம் தள்ள வேண்டுமாம். இடதுக்கு வலது. இத்தனை வருடம் நான் ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் என்ன ஆவது?

கோதை அதற்குள் அதில் ஏறிக் கொம்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தாள். "அப்பா, இடது பக்கம் போகணும்னு நெனச்சா கையே தானா வலது பக்கம் போயிடுது. ஈசியா இருக்குப்பா. இதையே வாங்கலாமா?"

"கீழே இறங்கு" என்றேன். "அதில் ஒருவர்தான் ஓட்ட முடியும். பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க இடமே இல்லை."

அப்புறம்தான் இதைப் பார்த்தேன். இப்போது நன்றாகப் பாருங்கள். தார்ப்பாயை எடுத்துவிட்டேன். முன்னால் கண்ணாடி. வலது பக்கம் ஸ்டியரிங். பக்கத்திலேயே இடது சீட். அடிப்பக்கம் கூர், கத்தி மாதிரி. பார்த்தாலே ஒரு வாகனம் என்று தெரிகிறது.

"இது கடலுக்கு சார்" என்றாள் ரெஜினா. "அடியில கூர் எறங்கி நிக்கும். கழியில தட்டும்."

"எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும்."

"சரி சார். உங்க படகு, உங்க தண்ணி" என்று இன்னொரு போனை எடுத்துக்கொண்டாள். விற்பனை செய்கிற லட்சணம் அது.

படகு வந்த அன்று வீட்டு வாசலில் பூஜை போட்டேன். ஐயர் வந்து சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். வைக்க டயர் இல்லை. பிறகு படகை ஏற்றி வந்த டிரெய்லரின் சக்கரத்துக்குக் கீழே வைத்து நசுக்கினோம். அவரும் அதைக் கேட்காமல் தானே யோசித்துச் செய்திருக்கலாம். இந்த முன்பக்கத்தில் சிவப்பு எல் எழுத்து இருக்கிறதே, அதை அன்றைக்குத்தான் ஒட்டினேன். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். படிக்கிற பிள்ளை ஓட்டப்போகிற வாகனத்தில் எல் போர்டு இல்லாமல் எப்படி? வேண்டாம் என்றால் சுரண்டிவிடலாம், வரும்.

இப்போது முக்கியமானதைக் காட்டுகிறேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இந்தச் சிவப்புக் கயிறு. பழைய டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் சுருளாக இருக்கிறது பாருங்கள். ஒரு முனை இந்தப் பொத்தானில் மாட்டியிருக்கும். மறுமுனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். படகு ஆளை விட்டுவிட்டு ஓடாது.

கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. இந்தப் படகுக்காரர்களுக்கும் ஓரளவு புத்தி இருக்கிறது, ஆனால் பாதிதான். கயிற்றை ஓட்டுகிறவன் கையில் கட்டுவது என்ன முறை? சொல்லிக்கொடுக்கிறவன் கையில் அல்லவா இருக்க வேண்டும்? நான் அதை என் கையில் மாட்டிக்கொண்டேன்.

பங்குனியில் முதல் தடவை கழிக்குக் கொண்டுபோனோம். நானும் கோதையும் மட்டும். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை இரண்டு பேருக்கும். பட்டையை நானே இழுத்துக் கட்டினேன். கோதை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை, முகம் மட்டும் பெரிய மனுஷி மாதிரி. எஞ்சினைப் போட்டேன். போனோம்.

நன்றாகத்தான் ஓட்டினாள். அதை நான் சொல்லாமல் இருக்க முடியாது. கை கெட்டியாக இருந்தது. ஆனால் நன்றாக ஓட்டுகிறவர்கள்தான் மெத்தனமாக இருப்பார்கள். தூரத்தில் ஒரு வலைக்காரர் தெரிந்தார். கயிற்றை இழுத்தேன். எஞ்சின் நின்றது.

"ஏம்ப்பா?"

"ஆள் வருகிறார்."

"அவரு ரொம்பத் தூரத்துல இருக்காருப்பா."

"தூரத்தில் இருக்கும்போதுதான் நிறுத்த வேண்டும்."

அதற்குள் படகு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எஞ்சின் இல்லை, சத்தம் இல்லை, ஆனால் போகிறது. கோதை ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, எஞ்சின் நின்னா திரும்ப மாட்டேங்குது. எஞ்சின் ஓடினாத்தான் திரும்புது" என்றாள். "நீ சரியாகத் திருப்பவில்லை" என்றேன்.

திரும்பவும் எஞ்சினைப் போட்டு, திரும்பவும் இழுத்தேன். ஒரு கம்பு தெரிந்தது, இழுத்தேன். ஒரு கொக்குக் கூட்டம், இழுத்தேன். ஒரு கட்டத்தில் அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். களைத்துப் போயிருப்பாள்.

அன்றைக்குக் காரில் வரும் வழியில்தான் அந்த விடுகதையைப் போட்டாள். நானும் திருத்தினேன்.

முழுப் பரீட்சை முடிந்தது. கேட்க வேண்டிய நாள் வந்தது. பெரியவர்கள் வீட்டில் வைத்துக் கேட்கலாம் என்றார்கள். நான்தான் கழிக்கரையில் வைத்துக் கேட்கலாம் என்றேன். காற்றாட இருக்கும், குழந்தை சந்தோஷமாகச் சொல்லும். சந்திரகலாவும் ஒத்துக்கொண்டாள். இட்லி கட்டிக்கொண்டு வந்தாள். மோகனவேல் தன் கார் கூரையில் அந்த வெள்ளரிக்காயைக் கட்டிக்கொண்டு வந்தான். கயிறு கட்டின லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாலு முடிச்சில் மூன்று முடிச்சு காற்றில் ஆடியது.

"மாமா, உங்க படகு ஜோரா இருக்கு" என்றான்.

"உன்னுடையதற்குக் காற்றடித்துவிட்டு வந்து பேசு" என்றேன்.

கோதையிடம் கேட்டேன். "முதலில் ஒரு சுற்று. அப்புறம் பதில். சரியா?"

"கயிறு யாரு கையிலப்பா?" என்று கேட்டாள்.

"வழக்கம்போல."

அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

கழியில் படகு போவதற்கென்று ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் கம்பு நட்டு வழி விட்டிருந்தார்கள். அந்த வழிக்கு வெளியே சேற்றுத் திட்டு. கோதை நேராகப் போய், கம்புகள் வளைகிற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பித்தாள். எனக்கு அவள் கம்புக்கு ரொம்பப் பக்கத்தில் போகிற மாதிரி தெரிந்தது. அவள், "அப்பா, இழுக்காதீங்க, நான் திருப்பிக்கிட்டிருக்கேன்" என்றாள். படிக்கிறவன் 'மிதிக்காதீங்க மாஸ்டர்' என்று சொல்லும்போதுதான் மாஸ்டர் மிதிக்க வேண்டும். இழுத்தேன்.

எஞ்சின் நின்றது. ஸ்டியரிங் செத்துப்போனது. படகு மட்டும் போனது. நிதானமாக, அவசரமே இல்லாமல், வளைவை விட்டு நேராகப் போய்ச் சேற்றுத் திட்டில் ஏறியது. அடியில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். அந்தக் கீறல் அப்போது விழுந்ததுதான், உள்ளே ஒன்றும் போகவில்லை, தட்டிப் பாருங்கள். கூரான அடிப்பக்கம் சேற்றில் ஊன்றி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

"நீ லேட்டாகத் திருப்பினாய்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "திருப்பிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னாள்.

எஞ்சினைப் போட்டேன், சேற்றை வாரி அடித்ததே தவிர நகரவில்லை. துடுப்பு ஒன்று இருந்திருந்தால் ஊன்றித் தள்ளியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எஞ்சின் படகில் துடுப்பு வைப்பது எஞ்சினை நம்பாதவன் வேலை. கரையிலிருந்து மோகனவேல் கையைக் காட்டிவிட்டு, வெள்ளரிக்காயைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டு புறப்பட்டான். வளைந்து வளைந்து வந்தான். ஆட்டுக்குட்டிகூட அவனைவிட நேராக வரும். இதில் அவன் என்னைக் காப்பாற்றப் போகிறானாம்.

கோதை செருப்பைக் கழற்றி இடது கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்ன செய்கிறாய்?"

"எறங்கறேன்."

"உட்கார். ஆழம்."

"இடுப்பு வரைக்கும்தான்பா இருக்கு. வரும்போதே பாத்தேன். அதோ, அந்தத் தாத்தா நின்னுக்கிட்டுத்தானே வலை போடுறாரு?"

இறங்கிவிட்டாள். இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. கரை தூரமில்லை. ஆரஞ்சுச் சட்டையோடு, செருப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் மோகனவேல் எதிரே வந்து, "ஏறிக்கோ கேப்டன்" என்றான். "வேணாம் மாமா, நடக்கறேன்" என்றாள். அவனையும் தாண்டிப் போனாள். அந்த வகையில் எனக்கு ஒரு திருப்தி.

அவன் வந்து என் படகைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தான். என்னையும் இறங்கித் தள்ளச் சொன்னான். வாகனத்தை விட்டு இறங்குவது எனக்குப் பழக்கம் இல்லை. தண்ணீர் ஏறும் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "சரி மாமா" என்று திரும்பிப் போய்விட்டான். போகும்போது ஓரளவு நேராகவே போனான். காற்று தள்ளியிருக்கும்.

கரையில் சந்திரகலா கோதைக்குத் தலை துவட்டிவிட்டாள். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். எனக்கு இரண்டு பொட்டலம் எடுத்துவைத்தது படகிலிருந்தே தெரிந்தது. நான் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தேன், கையில் கயிறு. யாரும் அந்தப் பேச்சை எடுக்கிற மாதிரி தெரியவில்லை. இன்னொரு நாள் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்று தோன்றியது. எதையும் தள்ளிப்போடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். ஆகவே நானே படகிலிருந்து குரல் கொடுத்தேன். "கோதை, இப்பவே சொல்லிவிடு."

உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னீர்கள். எந்தப் படகு வேண்டும் என்று அவர்களைக் கேட்காதீர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கயிற்றை மட்டும் பிடித்துப் பாருங்கள், எவ்வளவு லேசாக இழுக்கிறது பாருங்கள். ஒரு விரல் போதும்.

அவள் எழுந்து தண்ணீர் ஓரம் வரை வந்து நின்றாள். காற்று அங்கிருந்து என் பக்கம் அடித்தது, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அம்மாவோடு இருக்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வரலாம் என்றாள். பஸ்ஸில் வர வேண்டும் என்றாள்.